அக்காவிடம் ஒரு கேள்வி

அபிசாய் தன் கூடப்பிறந்த அக்காவோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் என்றைக்கோ சமாதானமாகிப் பேசியிருப்பார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த அன்று அப்பா கூப்பிட்டு, "இனிமே அக்காகூட நேருக்கு நேர் பேச்சு வெச்சுக்காதே, அவ உக்காந்திருக்கற பாய்ல போய் உக்காராதே" என்றார். அத்தோடு சரி. எங்கள் தீவுகளில் பெரியவர்களாகிவிட்ட அக்கா தம்பியும் அண்ணன் தங்கையும் இப்படித்தான். ஒருவருக்காக ஒருவர் உயிரையே கொடுப்பார்கள், ஆனால் ஒரு வார்த்தை கொடுக்க மாட்டார்கள். மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

அக்காவுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அக்காள் புருஷன். மச்சானோடு எந்தக் கேலியும் பேசலாம். பேசாவிட்டால்தான் குறை. இந்த ஏற்பாட்டைச் செய்த முன்னோர் யாரோ தெரியவில்லை, வீட்டின் முக்கியமான சேதிகளைக் கொண்டுபோகும் வேலையை வீட்டின் பெரிய கோமாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அபிசாயின் மகள் தோரிகாவுக்கு நாலு வயது. கோரோ தீவில் அவர்கள் கிராமத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவாள், பாதி ஓட்டத்தில் சட்டென்று குந்திக்கொள்வாள். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருக்கும். அதை எல்லோரும் விளையாட்டு என்று நினைத்தார்கள். "அடைகாக்கற கோழி வருது பாரு" என்று கூப்பிடவும் செய்தார்கள். அபிசாயும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தவன்தான். தீவுக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இது விளையாட்டு இல்ல அண்ணே" என்று சொன்ன நாளிலிருந்து அவன் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை.

பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்கிற பெரிய டாக்டர் வருஷத்தில் ஒரு வாரம் வெளிநாட்டிலிருந்து தலைநகர் சுவாவுக்கு வருகிறார். ஒரு இயந்திரத்தை நெஞ்சின்மேல் வைத்து உள்ளே இருப்பதைப் படம் எடுப்பார். படம் சரியாக வந்தால், அறுவை செய்ய வேண்டிய பிள்ளைகளின் பட்டியலில் பெயர் ஏறும். மூன்று மாதத்தில் அறுவை செய்கிற குழு வரும். படம் இல்லையென்றால் பெயர் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அபிசாயின் மனைவி உனைசி இரண்டாவது பிள்ளை பெற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் அவன்தான் தோரிகாவைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினான். சுவாவில் அக்கா அகனிசியின் வீட்டில் தங்கினார்கள். புதன்கிழமை முதல் தடவை டாக்டரிடம் போனது பெரிய ரகளையாக முடிந்தது. இருட்டறை, குளிர்ந்த பசை, அறிமுகம் இல்லாத வெள்ளைக்கார முகம். தோரிகா வீறிட்டுக் கத்தி, உதைத்து, உடம்பே நீலமாகிப் போனாள். அவன் கையைக் காலைப் பிடித்து அமுக்கப் பார்த்தான், அது இன்னும் மோசமாயிற்று. டாக்டர் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்னைக்கு மருந்து குடுத்துத் தூங்கவெச்சுப் பாத்துடலாம்னு சொல்றாங்க" என்றாள் கூட இருந்த நர்ஸ் ரோஷ்னி. "ஆனா வயிறு காலியா இருக்கணும். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் குடுக்கக் கூடாது. தூக்கத்துல வாந்தி எடுத்தா நெஞ்சுக்குள்ள இறங்கிடும். பெரிய ஆபத்து. புரிஞ்சுதா?"

அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிய வைக்க வேண்டிய இடம் வேறாக இருந்தது. அக்கா வீட்டில் எந்தப் பிள்ளையும் பசியோடு கால் மணி நேரம் நின்றது கிடையாது. தெருவில் போகிற பிள்ளையைக்கூட ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, வா, சாப்பிடு என்று உட்காரவைப்பவள் அவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் யாங்கோனா வேர்ப்பொடி கரைத்த மரக்கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் மச்சான் சகியுசாவிடம் சொன்னான். சகியுசா டாக்சி ஓட்டுகிறவன்.

"மச்சான், உன் வீட்ல சொல்லிடு. நாளைக்குக் காலையில புள்ளைக்கு எதுவும் குடுக்கக் கூடாது. பாலும் கூடாது, டீயும் கூடாது."

"ஏன்டா, கோரோக்காரங்க காத்தைக் குடிச்சே வாழக் கத்துக்கிட்டீங்களா?"

"விளையாடாதே. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"சரிடா, சொல்லிடறேன். ரெண்டு நாளா என் பங்கு மீனையும் சேர்த்துத் தின்னவன் இன்னைக்கு எங்க வீட்டுச் சாப்பாடு ஆகாதுங்கறான். கலி முத்திப் போச்சு."

"மறந்துடாதே மச்சான்."

"நான் மறப்பேனா? உன் கல்யாணத்துல நீ மயங்கி விழுந்ததையே இன்னும் மறக்கல."

சொன்னதைச் சகியுசா மறக்கவில்லை. அன்று சமையலறைப் பக்கம் போய்ச் சொல்லவும் செய்தான். அகனிசி சிரிக்கிற சத்தம் அபிசாயின் காதிலும் விழுந்தது. மச்சான் வழக்கம்போல ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவன் அடுத்த கிண்ணத்தை வாங்கிக் குடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை சுவாவின் வழக்கமான மழை. அபிசாய் எழுந்தபோது பாயில் மகள் இல்லை. சமையலறையில் அத்தை அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும் பேச்சும் ரேடியோ சத்தமும் கேட்டன. அக்கா தனியாக இருக்கும் இடத்துக்குள் அவன் போக முடியாது. குழாயடியில் குளித்துவிட்டு, வாசலில் நின்று, "தோரிகா!" என்று குரல் கொடுத்தான். புது கவுன் போட்டுக்கொண்டு, தலை பளபளக்க வந்தாள்.

"பசிக்குதாம்மா?"

"இல்ல."

"என் செல்லம்!" என்று அள்ளிக்கொண்டான். நாலு வயதுப் பிள்ளை ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் பசியில்லை என்று சொன்னால், மூளை உள்ள எந்த அப்பனும் ஏன் என்று யோசித்திருப்பான். அபிசாய் தன் மகள் எவ்வளவு பொறுப்பானவள் என்று பெருமைப்பட்டான்.

சகியுசா டாக்சியில் கொண்டுபோய் விட்டான். முன்சீட்டில் அபிசாய், பின்சீட்டில் அகனிசியும் குழந்தையும். இறங்கும்போது மச்சான் தலையை வெளியே நீட்டி, "டாக்டரம்மாகிட்ட சொல்லி உனக்கும் ஒரு படம் எடுத்துக்கோடா. உள்ள ஏதாவது இருக்கான்னு எங்களுக்கும் ரொம்ப நாளா சந்தேகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி நடையில் நீள பெஞ்சு. அபிசாய் அறைக் கதவுப் பக்க முனையில் உட்கார்ந்தான். அகனிசி ஜன்னல் பக்க முனையில். நடுவில் தோரிகா போவதும் வருவதுமாக இருந்தாள். இரண்டு நடைக்கு ஒரு தடவை குந்திக்கொண்டாள். அவள் குந்தும்போதெல்லாம் பெஞ்சின் இரண்டு முனையிலும் மூச்சு நின்று மறுபடி வந்தது.

ஒன்பதரைக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த டாக்டர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோஷ்னி தாளை எடுத்து, "கடைசியா எப்ப சாப்பிட்டா?" என்றாள்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணி. மரவள்ளியும் மீன் குழம்பும்."

எழுதிக்கொண்டாள். சின்னக் குப்பியில் மருந்தை அளந்து ஊற்றினாள். தோரிகா அதை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு இந்த நர்ஸைப் பிடித்துப் போய்விட்டதுபோல் இருந்தது. கவுன் பைக்குள் கைவிட்டு, எண்ணெயில் பொரித்த பம்பகாவ் என்கிற மாவு உருண்டையில் பாதியை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை எப்படி நீட்ட வேண்டுமோ அப்படி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்க, சாப்பிடுங்க" என்றாள்.

ரோஷ்னி மருந்துக் குப்பியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"இதோட இன்னொரு பாதி எங்க கண்ணு?"

தோரிகா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"யாரு குடுத்தா?"

"அத்தை."

"எப்ப?"

"அத்தை குடுத்தப்ப."

ரோஷ்னி டாக்டரோடு இங்கிலீஷில் வேகமாகப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"இங்க பாருங்க, சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்கணும். டாக்டர் பன்னண்டரைக்கு ஏர்போர்ட் கிளம்பறாங்க. பதினொண்ணரைக்கு மருந்து குடுத்தாத்தான் முடிக்க முடியும். அஞ்சு, அஞ்சரைக்குள்ள சாப்பிட்டிருந்தா காத்திருந்து பாத்துடலாம். அதுக்கு மேலன்னா முடியாது. எப்ப, எவ்வளவு சாப்பிட்டான்னு சரியா தெரியணும். அத்தை வெளியிலதானே இருக்காங்க? போய்க் கேட்டுட்டு வாங்க, நான் புள்ளையப் பாத்துக்கறேன்."

போய்க் கேட்டுவிட்டு வருவதாம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவதுபோல எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

நடைக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், நேத்து நீ சொன்னியா, சொல்லலையா?"

"சொன்னேன்டா! உன் தம்பி புள்ளையப் பட்டினி போடச் சொல்றான்னு சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. உனக்கு வேற வேலையே இல்லையான்னா. நானும் சிரிச்சேன்." பிறகு குரல் மாறியது. "ஏன்டா, என்னாச்சு?"

"காலையில எப்ப சாப்பிட்டா?"

"நான் தூங்கிட்டிருந்தேனே. அவளுக்குப் போன் போட்டுக் கேக்கறேன். ஐயோ, அவ போன் இங்க வண்டியில சார்ஜர்ல கிடக்குதே."

அபிசாய் போனை வைத்தான். பெஞ்சின் மறுமுனையில் அகனிசி மடியிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவளும் கேட்க முடியாது.

நடையில் அந்த நேரத்துக்கு வேறு யாரும் இல்லை. ஒரு கிழவர் மட்டும் வாயைத் திறந்தபடி தூங்கினார். அவரை எழுப்பி, ஐயா, அதோ அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள் என்றால் கேட்பார்தான். யாரோ ஒருவர் கேட்டால் அக்கா வெட்கத்தில் முன்னே பின்னே சொல்லிவிடலாம். தன்னிடம் பொய் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் பேசாதவளைப் பற்றி அவ்வளவு உறுதியாக எப்படித் தோன்றியது என்பது அவனுக்கே ஆச்சரியம்.

இன்னொரு வழியும் இருந்தது. திரும்பி உள்ளே போய், அஞ்சு மணி என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் ஏறிவிடும். அந்த நினைப்பு வந்து, அவன் நெஞ்சுக்குள் வசதியாகக் கால் நீட்டி உட்காரவும் செய்தது. அதை உதற அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். தூக்கத்தில் குழந்தையின் தொண்டையில் அந்தப் பம்பகாவ் ஏறி வருவதை ஒரு தடவை கண்ணால் பார்ப்பதுபோல் நினைத்துப் பார்த்தான். பிறகு நடந்தான்.

அக்காவுக்கு மூன்று அடி தள்ளி நின்றான். நின்றபடி பேசினால் அவள் தலைக்கு மேலே பேசுவதாகிவிடும் என்று தரையில் உட்கார்ந்தான். சிமெண்ட் தரையில் அவள் செருப்பின் மழை ஈரம் பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான்.

"அக்கா."

துண்டு மடிக்கும் கை நின்றது. அகனிசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டதுபோல் அவனுக்குப் பட்டது. அவன் காதும் எரிந்தது. நடுத்தெருவில் உடுப்பில்லாமல் நிற்கிற கூச்சம்.

"அக்கா, தோரிகா எப்ப சாப்பிட்டா? சரியா எத்தனை மணிக்கு? மருந்து குடுக்கணும், அதான் கேக்கறேன்."

அவள் சுவரிடம் சொன்னாள்.

"ஆறே முக்கால். ரேடியோல சாவுச் சேதி வாசிச்சிட்டிருந்தான். ஒண்ணரை பம்பகாவ். ஒரு கப் பால், சக்கரை போட்டு." நிறுத்திக்கொண்டாள். "அவர் சொன்னார். நான் சிரிச்சேன். அவர் என்னைக்கு நெசத்தைச் சொல்லியிருக்கார்? புள்ள வந்து அடுப்புகிட்ட நின்னு என் மூஞ்சையே பாத்துச்சு. நான் எப்படிக் குடுக்காம இருப்பேன்?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன், "சரி, பரவால்லக்கா" என்றான். பரவாயில்லாமல் எல்லாம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

உள்ளே போய் ஆறே முக்கால் என்று சொன்னான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மருந்துக் குப்பியை ரோஷ்னி தொட்டியில் கவிழ்த்தாள். அது போகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டது.

"அடுத்த வருஷம்வரைக்கும் இவ தாங்குவாளான்னு கேளுங்க சிஸ்டர்."

ரோஷ்னி கேட்டாள். டாக்டர் அவனைப் பார்க்கவில்லை, தோரிகாவின் நகங்களைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"முழிச்சிருக்கும்போதே இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமாம். அரை மணி நேரம் அசையாம படுக்கணும். புதன்கிழமை நீங்க புடிச்சதுல பயந்துட்டா. வேற யார்கிட்ட அடங்குவா?"

"அத்தைகிட்ட" என்றான் அவன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ரோஷ்னி போய் அகனிசியை அழைத்துவந்தாள். சின்ன அறை. ஒரு பக்கம் டாக்டரும் இயந்திரமும். மற்றப் பக்கம் இரண்டு நாற்காலி போடத்தான் இடம். தலைமாட்டில் அகனிசி, கால்மாட்டில் அபிசாய். நடுவில் ஒரு முழம்கூட இல்லை. விளக்கை அணைத்தார்கள். இருட்டு என்பது ஒரு விதத்தில் உபகாரமாக இருந்தது.

பசை நெஞ்சில் பட்டதும் தோரிகாவின் வாய் கோணியது. புதன்கிழமையின் அலறல் அந்த வாயின் ஓரத்தில் வந்து நின்றது. அகனிசி அவசரமாகக் குனிந்து, "உங்கப்பன் நண்டு கதை தெரியுமா உனக்கு?" என்றாள்.

வாய் கோணியபடியே நின்றது.

"உங்கப்பனுக்கு அப்ப எட்டு வயசு. நாங்க ரெண்டு பேரும் ஒரு சாக்கு நிறைய வளை நண்டு புடிச்சோம். மறுநாள் ஞாயித்துக்கிழமை. சாக்கை வீட்ல விட்டா பெரியப்பா பசங்க தூக்கிடுவாங்கன்னு, அதையும் எடுத்துக்கிட்டே கோயிலுக்குப் போயிட்டோம். பெஞ்சுக்கு அடியில வெச்சோம்."

"எட்டு இல்ல. ஏழு" என்றான் அபிசாய்.

அவன் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. அகனிசி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பப் போனாள். ஆனால் தோரிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கோணிய வாய் தானாக மூடிக்கொண்டு, கண் இரண்டும் தட்டு மாதிரி விரிந்திருந்தன. அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டு அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. மேசையும் நாற்காலியும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தால்கூட அவ்வளவு அதிசயப்பட்டிருக்க மாட்டாள்.

"எட்டுதான்" என்றாள் அகனிசி, இந்தத் தடவை அவனிடமே. "பல்லு விழுந்திருந்துச்சு."

"பல்லு விழுந்தது ஏழுல."

டாக்டர் இயந்திரத்தை மெல்ல நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடித் திறந்தது. தோரிகாவின் கண்கள் மட்டும் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் போய்வந்தன. உடம்பு அப்படியே கிடந்தது.

"பெரிய ஜெபம் நடக்குது. எல்லாரும் கண்ணை மூடியிருக்காங்க. சாக்கு அவிழ்ந்துடுச்சு."

"அவிழல. யாரோ அவிழ்த்துட்டாங்க."

"நீ சரியா கட்டல."

"ரெண்டு முடிச்சுப் போட்டேன்க்கா நான்! கயிறு இறுகி என் வெரலே வலிச்சுது."

"ஒரு நண்டு போதகர் இடுப்புல கட்டியிருந்த சுலுத் துணிக்குள்ள ஏறிடுச்சு. இன்னொண்ணு உங்கப்பன் கால்கிட்ட வந்துச்சு. பின்னாடி கோல்காரர் நிக்கறார். ஜெபத்துல எந்தப் புள்ள அசைஞ்சாலும் நீளக் கோலால முதுகுல ஒண்ணு வெப்பார்."

"கட்டை வெரலைப் புடிச்சுது" என்றான் அபிசாய் மகளிடம். "இந்த வெரலை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நான் அசையவே இல்ல."

தோரிகா உதடு அசையாமல், "நெசமாவா?" என்றாள்.

"நெசமா. ஜெபம் முடியற வரைக்கும்."

"நானும் அசையல."

"தெரியுதே, செல்லம்."

டாக்டர் ஏதோ சொன்னார். "நிறுத்திடாதீங்கன்னு சொல்றாங்க. நல்லா வருதாம்" என்றாள் ரோஷ்னி.

நிறுத்த முடியாது என்று ஆனதும் அவர்கள் நிறுத்தவில்லை. கோயில் முழுக்க நண்டு ஓடியதையும், மாதர் சங்கத் தலைவி பெஞ்சின்மேல் ஏறியதையும் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். இடையிடையே சண்டையும் போட்டார்கள். கடைசியில் அப்பா வீட்டுக்கு இழுத்துப்போய், முடிச்சைச் சரியாகப் போடாததற்காக அபிசாயைத் தென்னை விளாறால் விளாசிய இடத்துக்கு வந்தபோது அகனிசியின் குரல் தாழ்ந்தது.

"முடிச்சு சரியாத்தான் இருந்துச்சு. பெரிய நண்டு உயிரோட இருக்கான்னு பாக்க நான்தான் அவிழ்த்தேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

அந்த இருட்டில் அவனுக்கு அழுகை வந்தது. நாலைந்து வருஷம் கழித்து இந்த அக்காவோடு பேசாதே என்று அப்பா சொன்ன நாளில் அவன் பேசாமல் தலையாட்டினானே, அன்றைக்கு வராத அழுகை. அவளோடு பேசுவது எவ்வளவு இஷ்டமாக இருந்தது என்பதையே அவன் மறந்து போயிருந்தான்.

விளக்கு எரிந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கைவிரல்களை நீட்டி மடக்கினார். ரோஷ்னி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஓட்டை ஒண்ணு இருக்கு. ரத்தம் நுரையீரலுக்குப் போற வழி குறுகலா இருக்கு. அறுவை பண்ணிச் சரிசெய்யக்கூடியதுதான். எல்லாப் படமும் கெடைச்சிடுச்சு. பேரை எழுதிட்டாங்க. மூணாவது பேரு."

அபிசாய் டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. அவர்தான் மெதுவாக உருவிக்கொண்டார். தோரிகா எழுந்து உட்கார்ந்து, பாதி பம்பகாவ் எங்கே என்று கேட்டாள்.

நடைக்கு வந்ததும் அகனிசி நேராக ஜன்னல் பக்க முனைக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் கதவுப் பக்க முனையில் உட்கார்ந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்பு மாதிரியேதான். ஆனால் நடுவில் இருந்த பெஞ்சு கொஞ்சம் குட்டையாகிவிட்டதுபோல் அவனுக்கு இருந்தது.

மச்சான் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். மழைக்கு முன்கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட, வண்டி மெல்லப் போனது.

பின்சீட்டில் தோரிகா வாய் நிறையத் தின்றுகொண்டே, "அத்தை, அந்த நண்டெல்லாம் என்னாச்சு?" என்றாள்.

"ஊர்க்காரங்க புடிச்சுத் தின்னுட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு கிடையாதுன்னு தாத்தா சொல்லிட்டார். யாரும் ஒரு வாய் குடுக்கக் கூடாதுன்னு கண்டிச்சு சொன்னார். என்னைப் படுக்கற குடிசையில தனியா வெச்சு மூடிட்டாங்க. அழுதே தூங்கிட்டேன். எழுந்து பாத்தா தலைமாட்டுல ஒரு சுட்ட நண்டு. வாழையிலையில சுத்தி." அவள் குரலில் பழைய பசி இருந்தது. "எங்கம்மாதான். பாவம், தாத்தாவுக்குத் தெரியாம வெச்சிருக்கு. சாகறவரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

அபிசாய் வெளியே பார்த்தான். ஆஸ்பத்திரி அறையில் பேசியதற்குக் காரணம் இருந்தது. இங்கே எந்தக் காரணமும் இல்லை. சிக்னலில் வண்டி நின்றது.

"மச்சான்" என்றான். "உன் வீட்ல ஒண்ணு சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"அது அம்மா இல்லன்னு சொல்லு."

சகியுசாவின் நாக்கு நுனியில் வழக்கம்போல என்னென்னவோ வந்திருக்கும். அக்காளும் தம்பியும் ஒரே ரகம், சாப்பாடு குடுக்காதேன்னா குடுத்தே தீருவீங்க என்றாவது வந்திருக்கும். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, கொடுத்த சேதியைக் கொடுத்தபடியே திரும்பிச் சொன்னான்.

"உன் தம்பி சொல்றான். அது அம்மா இல்லையாம்."

இந்தத் தடவை அகனிசி சிரிக்கவில்லை.